மூக்குப் பந்தும் நூறு பவுண்டும்: விளம்பரம் ஒன்று கோர்ட்டுக்குப் போன கதை

விக்டோரியா ராணி காலத்து லண்டன் பத்திரிகைகளின் ஸ்கேன் பிரதிகளைப் புரட்டுவது எனக்கு ஒரு கெட்ட பழக்கம். பத்து நிமிடம் என்று உட்கார்ந்தால் இரண்டு மணி நேரம் போய்விடும். போர், பார்லிமென்ட், அரச குடும்பம் எல்லாவற்றையும் தாண்டிக் கண் போய் நிற்கிற இடங்கள் இரண்டு. ஒன்று கோர்ட் பத்தி. பாலில் தண்ணீர் கலந்த வியாபாரிக்கு அபராதம், வாடகை பாக்கி, குடித்துவிட்டுத் தெருவில் கலாட்டா. இன்னொன்று விளம்பரம். மாத்திரை, முடி வளர்க்கும் தைலம், மின்சார பெல்ட், கோகோ, சோப்பு. ஒரே தாளில் இரண்டும் இருக்கும், ஒன்றுக்கு மற்றது அந்நியம் போல. 1892-ல் ஒருமுறை, விளம்பரப் பக்கத்தில் கிடந்த ஒரு சமாசாரம் எழுந்து வந்து கோர்ட் பத்தியில் உட்கார்ந்துகொண்டது. இன்ஃப்ளூயன்சா வராமல் தடுக்கும் என்று சொல்லி விற்ற ஒரு மூக்குப் பந்தின் விளம்பரம் அது. பந்தை வாங்கி வழக்குப் போட்ட பெண்மணியின் பெயரால் கார்லில் வழக்கு என்று சொல்வார்கள்.

சட்டம் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் பழசு. முதலாண்டு ஒப்பந்தச் சட்ட வகுப்பில் இதைக் கேட்காமல் யாரும் வெளியே வந்ததில்லை. ஆனால் பாடப் புத்தகத்தில் மிஞ்சியிருப்பது எலும்பு மட்டும்: பொதுமக்களுக்கு ஒரு வாக்குறுதி, நிபந்தனையை ஒருவர் நிறைவேற்றினார், ஒப்பந்தம் உண்டாயிற்று, அவ்வளவுதான். அதைத் திரும்பக் கொண்டுபோய் அது பிறந்த பத்திரிகைத் தாளில் வைத்துப் பார்த்தால் வேறு ஒன்று தெரிகிறது. இது வியாபாரக் கதை. தொற்றுநோய்க் காலத்தில் ஒரு விளம்பரக்காரர் போட்ட கணக்கின் கதை. அந்தக் கணக்கில் அவர் பெரிதாகத் தோற்கவும் இல்லை என்பது என் கட்சி.

விளம்பரச் சந்தை

1853 வரைக்கும் இங்கிலாந்தில் பத்திரிகை விளம்பரம் ஒவ்வொன்றுக்கும் அரசாங்கம் வரி வாங்கிக்கொண்டிருந்தது. அந்த வருஷம் அது போயிற்று. 1855-ல் பத்திரிகைகள் மீதிருந்த முத்திரை வரி போயிற்று. 1861-ல் காகித வரியும் போயிற்று. அப்புறம் கேட்க வேண்டுமா? ஒரு பென்னிக்குப் பத்திரிகைகள் வந்து குவிந்தன. பென்னியை நம்பிப் பத்திரிகை நடத்த முடியாது, விளம்பரத்தை நம்பித்தான் நடத்த முடியும். டைம்ஸ் பத்திரிகை 1966 வரை முதல் பக்கத்தில் செய்தியே போடவில்லை, விளம்பரம்தான் போட்டது. நம்ம ஊர் இந்துவும் 1958 வரை அப்படித்தான் இருந்தது.

இந்த விளம்பரங்களில் பெரும் பங்கு மருந்துக் கம்பெனிகளுடையது. மருந்து என்றால் இன்றைய அர்த்தத்தில் எடுத்துக்கொள்ளக் கூடாது. உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே சொல்லாத மாத்திரை, கஷாயம், களிம்பு. இவற்றின் டப்பாவில் அரசாங்க வரி முத்திரை ஒட்டியிருக்கும். வரி கட்டியாயிற்று என்பதைத் தவிர அந்த முத்திரைக்கு வேறு பொருள் இல்லை. வாங்குகிறவர்களோ, ராணியின் சர்க்காரே இந்த மருந்துக்கு உத்தரவாதம் கொடுத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். அந்தத் தப்பை யார் திருத்தப் போகிறார்கள்?

இன்னொரு பழக்கமும் அப்போது பரவியிருந்தது: பத்திரிகை வழியாகப் பணத்துக்கு வாக்குக் கொடுப்பது. டிட்-பிட்ஸ் என்று ஒரு வாரப் பத்திரிகை. ரயில் விபத்தில் ஒருவர் இறந்து, அவரிடம் அந்த இதழ் இருந்தால் குடும்பத்துக்கு 100 பவுண்டு என்று 1885-ல் ஆரம்பித்தது. சொன்னபடி கொடுத்தும் வந்தது. அதனால் பத்திரிகையில் '100 பவுண்டு' என்று பார்க்கும் வாசகர், அதை வாய்ப்பேச்சு என்று தள்ளிவிட வேண்டிய அவசியமில்லை. கார்லில் வழக்கைச் சொல்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. எனக்கு இது முக்கியமாகப் படுகிறது.

பந்து

1889-ன் கடைசியில் ரஷ்யாவிலிருந்து கிளம்பிய இன்ஃப்ளூயன்சா ரயில் பாதை வழியாக ஐரோப்பா முழுக்கப் பரவியது. 1890-ல் லண்டனைப் பிடித்தது. 1891 வசந்தத்தில் திரும்ப வந்தது, அந்த வருஷக் குளிர்காலத்தில் மறுபடியும் வந்தது. எதனால் வருகிறது என்று எந்த மருத்துவருக்கும் தெரியாது. மனிதரைத் தாக்கும் அந்த வைரஸைப் பிரித்தெடுத்ததே 1933-ல்தான்.

தெரியாத நோய்க்குத் தெரிந்த வாசனை ஒன்று மருந்தாக வந்து சேர்ந்தது: கார்பாலிக் அமிலம். 1867-ல் ஜோசப் லிஸ்டர் அறுவைச் சிகிச்சையில் இதைப் பயன்படுத்திய முறையை எழுதி வெளியிட்டார். காயம் சீழ் பிடிப்பது குறைந்தது. அன்றிலிருந்து அந்த நெடி என்றாலே சுத்தம், பாதுகாப்பு என்று ஆகிவிட்டது. நமக்கும் அந்த நெடி புதிதில்லை. சிவப்பு சோப்பில் வந்தது, பழைய ஆஸ்பத்திரி வராந்தாவில் வந்தது, பாம்பு வராமலிருக்க வீட்டைச் சுற்றி வைத்த பாட்டிலில் வந்தது. பாம்பு அதைக் கண்டு ஓடுகிறதா என்று எங்கள் வீட்டில் யாரும் நின்று பார்த்ததில்லை. வைத்தால் மனசுக்கு ஒரு தெம்பு.

ஃபிரடெரிக் அகஸ்டஸ் ரோ என்ற நியூயார்க்காரர் லண்டனுக்கு வந்து அந்தத் தெம்பைத்தான் பந்தில் அடைத்தார். 1889-ல் காப்புரிமையும் வாங்கினார். ரப்பர் பந்து, அதில் ஒரு குழாய், உள்ளே கார்பாலிக் கலந்த பொடி. குழாயை மூக்கருகே வைத்து அமுக்கினால் பொடி புகைபோல் கிளம்பும், அதை உறிஞ்ச வேண்டும். மூக்கு எரியும், தும்மல் வரும், நீராகக் கொட்டும். நோய் வெளியே போகிறது என்று நம்புவதற்கு இதைவிட என்ன வேண்டும்? விலை 10 ஷில்லிங், தபால் செலவு இல்லை. பல மாவட்டங்களில் விவசாயக் கூலிக்கு வாரச் சம்பளமே 15 ஷில்லிங் தேறாத காலம் அது. ஆக, இது குடிசைக்கான சரக்கு இல்லை, நடுத்தர வீட்டு வரவேற்பறைக்கானது. பொடி தீர்ந்தால் 5 ஷில்லிங் கொடுத்து மறுபடி நிரப்பிக்கொள்ளலாம். வியாபாரத்தில் காசு பார்க்கிற இடம் இந்த மறு நிரப்பல்தான் என்று ரோவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

1891 நவம்பர் 13-ம் தேதி பால் மால் கெஜட்டில் அவருடைய கார்பாலிக் ஸ்மோக் பால் கம்பெனியின் விளம்பரம் வந்தது. அது ஒரு மாலைப் பத்திரிகை, கிளப்புகளில் உட்கார்ந்து படிக்கிறவர்களுக்கானது. விளம்பரத்தின் சாரம் இது: அச்சிட்ட செய்முறைப்படி இந்தப் பந்தைத் தினம் 3 வேளை, 2 வாரம் பயன்படுத்திய பிறகும் யாருக்காவது இன்ஃப்ளூயன்சாவோ, ஜலதோஷமோ, குளிரால் வருகிற எந்த நோயோ வந்தால், 100 பவுண்டு பரிசு தரப்படும். இந்த விஷயத்தில் எங்கள் மனப்பூர்வத்தைக் காட்டுவதற்காக ரீஜண்ட் தெருவில் உள்ள அலையன்ஸ் பேங்கில் 1000 பவுண்டு போட்டு வைத்திருக்கிறோம். போன தடவை நோய் பரவியபோது ஆயிரக்கணக்கில் விற்றோம், பயன்படுத்தியவர்களுக்கு நோய் வந்ததாக உறுதியாகத் தெரிந்த கேஸ் ஒன்றுகூட இல்லை. ஒரு பந்து ஒரு குடும்பத்துக்குப் பல மாதம் வரும்.

இதை ஒரு வியாபாரியின் கண்ணோடு படித்துப் பாருங்கள். 1 பவுண்டுக்கு 20 ஷில்லிங். 100 பவுண்டு என்றால் 200 பந்துகளின் விலை. பேங்கில் இருக்கிற 1000 பவுண்டு 10 பேருக்குத்தான் காணும். எந்தத் தொற்றுநோயிலும் பெரும்பாலோர் நோயில் விழாமல் தப்பிவிடுகிறார்கள், பந்து இருந்தாலும் இல்லாவிட்டாலும். தப்பினவர்கள் எல்லாரும் பந்தின் புகழ் பாடுவார்கள். நோயில் விழுந்தவர்களில் பாதிப்பேர், நாம்தான் சரியாக உறிஞ்சவில்லை என்று தங்களையே நொந்துகொள்வார்கள். மீதியில் எத்தனை பேர் சிரமப்பட்டுக் கடிதம் போடப் போகிறார்கள்? நல்ல கணக்கு. சட்டம் தெரிந்த புருஷனைக் கட்டிய பெண்மணி ஒருத்தி பந்து வாங்குவாள் என்பது மட்டும் அதில் இல்லை.

நவம்பர் 20 முதல் ஜனவரி 17 வரை

லூயிசா எலிசபெத் கார்லில் விளம்பரத்தைப் படித்து, நவம்பர் 20-ம் தேதி ஒரு மருந்துக் கடையில் பந்தை வாங்கினார். அன்றிலிருந்து தினம் 3 வேளை. 2 வாரம் போதும் என்றுதான் விளம்பரம் சொன்னது, அவர் நிறுத்தவில்லை. கிறிஸ்துமஸ் வந்து போனது, புது வருஷம் பிறந்தது, மூக்கில் கார்பாலிக் ஏறிக்கொண்டே இருந்தது. மொத்தம் 58 நாள். கணக்குப் போட்டால் 170 தடவைக்கு மேல்.

1892 ஜனவரி 14-ம் தேதி அரச குடும்பத்திலேயே இடி விழுந்தது. ராணியின் பேரன், பின்னாளில் அரியணை ஏற வேண்டிய கிளாரன்ஸ் கோமகன், 28 வயதில், கல்யாணம் நிச்சயமாகியிருந்த நிலையில், இன்ஃப்ளூயன்சா நிமோனியாவாக முற்றி இறந்துபோனார். பத்திரிகைகளுக்குக் கறுப்புக் கரை போட்டார்கள். அந்த வாரம் லண்டனில் தும்மினவர்கள் எல்லாரும் பயந்திருப்பார்கள். 3 நாள் கழித்து, ஜனவரி 17-ம் தேதி, திருமதி கார்லில் இன்ஃப்ளூயன்சாவில் படுத்தார்.

கணவர் வக்கீல் தொழில் பயின்றவர். ஜனவரி 20-ம் தேதியே கம்பெனிக்குக் கடிதம் எழுதிவிட்டார். பதில் இல்லை. மறுபடி எழுதினார். அதற்கும் இல்லை. மூன்றாவதற்குத்தான் பதில் வந்தது, அதில் எழுதியவர் பெயர்கூட இல்லை. பந்தின் சக்தியில் எங்களுக்குப் பூரண நம்பிக்கை உண்டு; ஆனால் மோசடிக் கோரிக்கைகளிலிருந்து எங்களைக் காப்பாற்றிக்கொள்ள, நீங்கள் தினமும் எங்கள் ஆபீசுக்கே வந்து பந்தைப் பயன்படுத்த வேண்டும், எங்கள் காரியதரிசி அதைச் சரிபார்ப்பார் என்று இருந்தது. தினம் 3 வேளை, ஹனோவர் சதுக்கம் பக்கம் போய், ஒரு காரியதரிசியின் முன்னால் உட்கார்ந்து மூக்கை உறிஞ்ச வேண்டுமாம். விளம்பரத்தில் இந்த வார்த்தை ஒன்றுகூடக் கிடையாது.

பிப்ரவரியில் வழக்குப் போட்டார்கள். போட்டது மனைவி, அவர் சொந்தப் பெயரில். இதைச் சும்மா கடந்துபோய்விட முடியாது. 10 வருஷம் முன்னால், 1882-ல் வந்த மணமான பெண்கள் சொத்துச் சட்டத்தால்தான் அது முடிந்தது. அதற்கு முன்பு கணவரையும் சேர்க்காமல் மனைவி தனியாகக் கோர்ட்டுப் படி ஏற முடியாது. 1880-ல் அவருக்கு ஜலதோஷம் பிடித்திருந்தால் வழக்கின் பெயரே வேறு மாதிரி இருந்திருக்கும்.

கோர்ட்டில்

வழக்கு நடந்த ராயல் கோர்ட்ஸ் ஆஃப் ஜஸ்டிஸ், ஸ்ட்ராண்ட் தெருவில், ஃப்ளீட் தெரு ஆரம்பிக்கிற இடத்தில் இருக்கிறது. 1882-ல் திறந்த கட்டடம். அந்நாளில் ஃப்ளீட் தெரு என்றால் பத்திரிகை ஆபீஸ்கள். தீர்ப்பு வாசித்து முடிந்து நிருபர் நடந்து போய்ச் சேருவதற்குள் மை காயாது.

கம்பெனிக்காக முதலில் வாதாடியவர் ஹெச்.ஹெச். ஆஸ்க்வித். பின்னாளில், 1908-ல், பிரதமரானவர். நடந்தவற்றில் சண்டை இல்லை. விளம்பரம் கொடுத்தது உண்மை, வாங்கியது உண்மை, பயன்படுத்தியது உண்மை, நோய் வந்தது உண்மை. மிஞ்சியது சட்டம் மட்டும். ஆஸ்க்வித் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வைத்தார். இது வாக்குறுதியே இல்லை, வியாபாரிகள் வழக்கமாக அடித்துவிடுகிற மிகைப்பேச்சு. அப்படியே வாக்குறுதி என்றாலும் இது பந்தயம். பந்தயப் பணத்தைக் கோர்ட் மூலம் வசூலிக்க முடியாது. பந்தயம் இல்லை என்றால் இன்சூரன்ஸ். அதற்கான சட்டச் சடங்குகள் எதுவும் இதில் நிறைவேறவில்லை.

மிகைப்பேச்சுக்கு ஆங்கிலத்தில் அவர்கள் சொன்ன வார்த்தை 'பஃப்'. ஊதினால் கிளம்புகிற புகைக்கும் அதே வார்த்தைதான். புகைப் பந்து விற்கிறவர் கோர்ட்டுக்கு வந்து 'நான் சொன்னது வெறும் பஃப்' என்றால் சிரிக்காமல் கேட்க நீதிபதிக்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

நீதிபதி ஹென்றி ஹாக்கின்ஸ். தன் நாயைக் கோர்ட்டுக்கே கூட்டிவந்து பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிற மனிதர். ஜூலை 4-ம் தேதி திருமதி கார்லிலுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னார். பந்தய வாதத்தை அவர் உடைத்த விதம் அழகு. பந்தயம் என்றால் இரண்டு பக்கமும் ஜெயிக்கவோ தோற்கவோ இடம் இருக்க வேண்டும். இங்கே நோய் வராவிட்டால் அந்த அம்மாள் கம்பெனிக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமா? இல்லையே. ஒரு பக்கம் மட்டும் தோற்க முடிகிற ஆட்டத்தைப் பந்தயம் என்று சொல்ல முடியாது. பந்தய ஒப்பந்தம் என்றால் என்ன என்பதற்கு இதில் அவர் கொடுத்த விளக்கத்தை இன்றும் எடுத்துக் காட்டுகிறார்கள்.

விளம்பரங்களைப் பற்றி அவர் சொன்னது இன்னும் காரம். இந்த மாதிரி விளம்பரங்கள் யோசிக்கிற புத்திசாலிகளை நோக்கி வருவதில்லை, எதையும் நம்பிவிடுகிற பலவீனமான ஜனங்களை நோக்கித்தான் வருகின்றன. சரக்கு விற்க வேண்டும் என்பதற்காக, குணம் தெரியாவிட்டால் பெரிய தொகை தருகிறேன் என்று ஊரறியச் சொன்ன வியாபாரி, எப்போதாவது ஒருமுறை அந்தச் சொல்லைக் காப்பாற்றச் சொல்லிப் பிடித்து நிறுத்தப்பட்டால் ஆச்சரியப்படக் கூடாது.

கம்பெனி அப்பீல் போனது. அதற்குள் ஆகஸ்டில் ஆஸ்க்வித் உள்துறை அமைச்சராகிவிட்டார், வேறு வக்கீல்கள் வந்தார்கள். லிண்ட்லி, போவன், ஏ.எல். ஸ்மித் என மூன்று நீதிபதிகள். 1892 டிசம்பர் 7-ம் தேதி மூவரும் ஒரே முடிவு சொன்னார்கள். கம்பெனி தோற்றது.

பேங்கில் போட்ட 1000 பவுண்டுதான் கம்பெனியின் காலை வாரியது. வெறும் மிகைப்பேச்சு என்றால் பணத்தை எதற்கு ஒதுக்கி வைத்தாய், 'எங்கள் மனப்பூர்வத்தைக் காட்ட' என்று எதற்கு எழுதினாய் என்று லிண்ட்லி கேட்டார். இந்த விளம்பரத்தை எப்படிப் படித்தாலும், எப்படி முறுக்கிப் பார்த்தாலும், தெளிவான வாக்குறுதி ஒன்று அதில் இருக்கிறது என்பது அவர் முடிவு. நம்ப வைக்கப் போட்ட வரியே நம்பினவரின் கைக்கு ஆயுதமாகப் போனது.

உலகத்தோடு எல்லாம் ஒப்பந்தம் போட முடியுமா என்று கேட்டது கம்பெனி. போவன் பதில் சொன்னார்: உலகத்தோடு ஒப்பந்தம் இல்லை, உலகத்தைப் பார்த்துச் சொன்ன வாக்கு. யார் முன்வந்து நிபந்தனையை நிறைவேற்றுகிறாரோ அவரோடு மட்டும் அது ஒப்பந்தமாகிறது. சரி, ஏற்றுக்கொள்கிறேன் என்று அந்த அம்மாள் எங்களுக்குத் தெரிவிக்கவே இல்லையே? இங்கே போவன் சொன்ன உதாரணத்தைத்தான் வகுப்பறைகள் 130 வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. என் நாய் காணாமல் போய்விட்டது, இன்ன இடத்துக்குக் கொண்டுவருகிறவருக்குப் பணம் தருகிறேன் என்று விளம்பரம் கொடுக்கிறேன். போலீஸ்காரர்களும், நாய் தேடுவதே தொழிலாக இருப்பவர்களும், முதலில் உட்கார்ந்து 'தங்கள் முன்மொழிவை ஏற்றுக்கொண்டேன்' என்று எனக்குச் சீட்டு எழுதிவிட்டா நாயைத் தேடக் கிளம்புவார்கள்?

மறுபயன் என்று சட்டம் கேட்கிறதே, வாக்குக்குப் பதிலாக அந்த அம்மாள் என்ன கொடுத்தார்? தினம் 3 வேளை மூக்கில் அதை ஏற்றிக்கொண்ட தொந்தரவு போதும் என்றார்கள். தவிர, ஜனங்கள் நம்பிப் பயன்படுத்தினால் விற்பனை ஏறுகிறது, அது கம்பெனிக்கு லாபம்தானே.

இத்தனையிலும் ஒரு கேள்வியைக் கோர்ட் எடுக்கவே இல்லை: இந்தப் பந்து வேலை செய்கிறதா? கேட்க வேண்டிய அவசியம் இல்லை. வாக்குக் கொடுத்தாய், நோய் வந்தது, பணத்தைக் கொடு. வாங்கி உறிஞ்சி நோய் வராமல் தப்பித்த ஆயிரக்கணக்கானவர்களைச் சட்டத்தின் கண் பார்க்கவே இல்லை. அவர்கள் 10 ஷில்லிங் கொடுத்து வாங்கியது என்ன என்ற கேள்வி அப்படியே தெருவில் நின்றது. ஒப்பந்தச் சட்டத்தால் அவ்வளவுதான் செய்ய முடியும், சரிதான். ஆனால் இந்தத் தீர்ப்பைப் போலி மருந்துக்கு விழுந்த அடி என்று எழுதுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருக்கும்.

இந்தியாவில் இருந்தபடி இதைப் படிக்கும்போது ஒன்று உறுத்தும். போவன் இவ்வளவு பாடுபட்டு நாயைத் தேடிக்கொண்டிருந்தபோது, 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 8-வது பிரிவு அமைதியாக அந்தப் பதிலைச் சொல்லி 20 வருஷமாகியிருந்தது: முன்மொழிவின் நிபந்தனைகளை நிறைவேற்றுவதே அதை ஏற்பதாகும். லண்டனிலிருந்து இங்கே எழுதி அனுப்பிய விஷயம்தான், அங்கே இன்னும் தீர்ப்பில் வர வேண்டியிருந்தது. அப்புறம் 1913-ல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் இதன் மறுபக்கம் வந்தது. ஓடிப்போன பையனைத் தேட எஜமானர் தன் கணக்குப்பிள்ளையை ஹரித்வாருக்கு அனுப்புகிறார். அவர் போன பிறகு, கண்டுபிடிப்பவருக்கு 501 ரூபாய் என்று நோட்டீஸ் அடிக்கிறார். கணக்குப்பிள்ளை அது தெரியாமலே பையனைக் கண்டுபிடித்துவிட்டார். பரிசு கிடையாது என்றது கோர்ட். கேள்விப்படாத வாக்கை எப்படி ஏற்க முடியும்? திருமதி கார்லில் பத்திரிகை படித்திருந்தார், கணக்குப்பிள்ளை நோட்டீஸைப் பார்க்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

தீர்ப்புக்குப் பிறகு

திருமதி கார்லிலுக்கு 100 பவுண்டு கிடைத்தது. அவர் நீண்ட ஆயுசுக்காரர், 1942 மார்ச் 10-ம் தேதி 96 வயதில்தான் இறந்தார். காரணம் முதுமை என்று மருத்துவர் எழுதினார், கூடவே இன்ஃப்ளூயன்சா என்றும் எழுதினார். ரோவுக்கு அவ்வளவு ஆயுள் இல்லை. 1899-ல், 57 வயதில், காச நோயாலும் இதய நோயாலும் போய்ச் சேர்ந்தார். அவருடைய கம்பெனி 1895-ல் நொடித்து மறு வருஷம் மூடப்பட்டது.

ஆனால் மூடினதை வைத்து, தீர்ப்புதான் அவரைக் கவிழ்த்தது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. தீர்ப்பு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, 1893 பிப்ரவரி 25-ம் தேதி இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ் வாரப் பத்திரிகையில் பந்து மறுபடியும் வந்தது. ஓடி ஒளிந்துகொள்கிற விளம்பரமாக இல்லை, நிமிர்ந்து நின்றது. முன்பு 100 பவுண்டு பரிசு அறிவித்திருந்தோம், ஆயிரக்கணக்கான பந்துகள் விற்றன, பரிசு கேட்டு வந்தவர்கள் 3 பேர் மட்டும், ஆகவே இந்த மருந்தின் சக்தி சந்தேகமில்லாமல் நிரூபணமாகிவிட்டது என்று அறிவித்தது. கார்லிலும் அந்த 3 பேரில் ஒருவராக, பந்துக்குச் சாட்சி ஆகிவிட்டார். ரோ சொல்லும் கணக்கையே எடுத்துக்கொண்டால் மூவருக்கும் சேர்த்து 300 பவுண்டு, 600 பந்துகளின் விலை. இரண்டு கோர்ட்டுகளின் நீதிபதிகள் வாயால் தன் சரக்கின் பெயர் நாடெங்கும் அச்சாக, அது ஒரு விளம்பரச் செலவு.

பரிசையும் இரட்டிப்பாக்கியிருந்தார். இப்போது 200 பவுண்டு. வித்தியாசம் அடியில் இருந்தது. இந்த வாக்கு சில நிபந்தனைகளுக்கு உட்பட்டது. நிபந்தனைகள் வேண்டுவோர் எழுதிக் கேட்டுப் பெற வேண்டும். அதன் நகலில் விண்ணப்பதாரர் கையெழுத்திட்டு லண்டனில் கம்பெனியிடம் ஒப்படைக்க வேண்டும். போவனும் லிண்ட்லியும் சொன்னதை அன்று ரோவைப் போலக் கவனமாகப் படித்தவர்கள் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள். ஏற்றுக்கொண்டதாக எழுதித் தர வேண்டியதில்லை என்றார்களா? சரி, இனி எழுதித் தந்தால்தான் ஏற்பு. காலக்கெடு குறிப்பிடவில்லை என்ற பேச்சு வந்ததா? அதற்கும் ஒரு வரி போட்டார்: 1893 மார்ச் 27 வரை மட்டும்.